கோணல் பின்னல்

ரொட்டி மாஸ்டருக்கு இரண்டு வேலைகள் கைவந்தவை என்று அந்த பேக்கரியில் எல்லோரும் சொல்வார்கள். ஒன்று ரொட்டி சுடுவது, இன்னொன்று பெண்டாட்டிக்குத் தலை பின்னிவிடுவது. முதலாவதை மெச்சிச் சொல்வார்கள், இரண்டாவதைச் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். மாஸ்டர் இரண்டையுமே மெச்சுவதாகத்தான் எடுத்துக்கொள்வார். காலையில் அடுப்பு சூடேறுகிற நேரத்தில், மாவுக் கிடங்கின் வாசலில் ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு அவர் மனைவி உட்காருவாள். பின்னால் ஸ்டூலில் மாஸ்டர், சீப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு. பின்னல் ரொட்டிக்காக மாவைத் திரித்து மூன்று புரியாகப் பின்னிப் பழகிய கை அது. முடியும் அந்தக் கையில் முரண்டு பிடிக்காது. நுனியில் ரப்பர் பேண்டைச் சுற்றி, முதுகில் ஒரு தட்டு தட்டி, "ம், எழுந்திரு" என்பார். அதற்குப் பிறகுதான் அந்தக் கடையில் பொழுது விடிந்ததாகக் கணக்கு.

இந்தம்மாவுக்குக் கை இல்லையா என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்பதுண்டு. அவர்களை மாவு லாரி வருகிற நாள்வரை பொறுக்கச் சொல்வார்கள். சுமைக்காரர்கள் இருவர் முக்கி முனகித் தூக்குகிற மூட்டையை அவள் ஒற்றை ஆளாகத் தோளில் சாய்த்துக்கொண்டு, யாரிடமோ பேசிக்கொண்டே கிடங்குக்குள் போய்விடுவாள். மூட்டையக்கா என்ற பெயர் அப்படி வந்தது. சுமைக்காரர்கள் வராமல் போன ஒரு மழை நாளில் அவள் அப்படித் தூக்கிப்போனதைப் பார்த்துத்தான், பழைய பளுதூக்கும் வீரரான மாஸ்டர், எங்கள் கொட்டகைக்கு வருகிறாயா என்று கேட்டார். கொட்டகைக்கு வந்தவள் கொஞ்ச காலத்தில் அவர் வீட்டுக்கும் வந்துவிட்டாள்.

அவ்வளவு இரும்பைத் தலைக்கு மேலே தூக்குகிற கைகள் தலைக்குப் பின்னால் போகாது என்பதுதான் விந்தை. போனால் தோளில் ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும். இரண்டு வருஷமாக அப்படித்தான். அதற்குக் காரணம் கொட்டகையின் வழக்கம்.

கொட்டகை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பேக்கரிக்குப் பின்தெருவில் இருந்த ஒரு வெல்டிங் பட்டறையின் பின்பகுதி. பட்டறைக்காரரான வெல்டர்தான் அதற்குத் தலைவர், காவல்காரர், சட்டம் எல்லாம். இரும்பைத் தொட்டவர்கள் உடம்பை வளைக்கவோ நீட்டி இழுக்கவோ கூடாது என்பது அங்கே விதி. இறுகிய உடம்பில்தான் பலம் நிற்கும், வளைந்து கொடுத்தால் ஒழுகிப் போய்விடும் என்று அவர்கள் நம்பினார்கள். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு போர்வையைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். மாஸ்டர் இந்த விதியை வீடுவரைக்கும் கொண்டுவந்துவிட்டார். மூட்டையக்கா கொடியில் துணி காயப்போடக் கூடாது. பரணில் சாமான் எடுக்கக் கூடாது. கொட்டாவி வந்தால்கூடக் கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்கக் கூடாது. எல்லாவற்றையும் அவரே செய்தார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய வலது கை காதுக்கு மேலே எழும்பாது. இளவயதில் அதே கொட்டகையில் அதே விதியோடு தூக்கித் தூக்கித் தோளைப் போக்கடித்துக்கொண்டவர் அவர். கொடியில் துணி போட ஸ்டூலில் ஏறுவார். தன் தோள் போனதற்கும் அந்த விதிக்கும் ஏதாவது தொடர்பு இருக்குமோ என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மாவட்ட அணிக்கான போன வருஷத் தேர்வுப் போட்டியில் மூட்டையக்கா மூக்குடைபட்டுத் திரும்பினாள். பளுதூக்குவதில் இரண்டு வகை உண்டு. ஸ்நாட்ச் என்பது தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேலே கொண்டுபோவது. மற்றொன்றில் முதலில் தோளுக்கு ஏற்றி, பிறகு மேலே தள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. ஒரு வகையில் மூன்றும் தவறிவிட்டால் அந்த ஆள் கணக்கிலேயே இல்லை, அடுத்ததில் மலையைத் தூக்கினாலும் பிரயோஜனமில்லை. அவளுக்கு ஸ்நாட்சில் மூன்றும் தவறின. பலம் போதாமல் இல்லை. கம்பி மேலே போயிற்று, ஆனால் தோள் இறுக்கத்தில் முழங்கை நேராகப் பூட்டவில்லை. மடங்கிய கையை மேலே போனபிறகு நிமிர்த்தினாள். அது விதிப்படி குற்றம். நடுவர்களுக்கு முன்னால் மூன்று தடவையும் சிவப்பு விளக்கு எரிந்தது. முப்பதைத் தாண்டிய ஆளுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத் தரலாம், இந்த முறையும் கணக்கில்லாமல் போனால் அணியில் அவள் இடத்தை ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுவோம் என்று தேர்வுக்குழு சொல்லி அனுப்பியது. வீடு திரும்பும்போது மூட்டையக்கா பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைக்கத்தான் அவள் கை சரியாக எழும்பியது.

அடுத்த போட்டிக்குச் சில வாரங்களே இருந்தபோதுதான் அந்தப் பின்னல் விவகாரம் வெடித்தது.

மழைக்காலம். ஈரத்தில் மாவு சோம்பிக்கொண்டு உப்பும். மாஸ்டர் மாவுத் தொட்டிகளை அடுப்புப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சீப்போடு கிடங்கு வாசலுக்கு வந்தார். டின்மேல் ஆளில்லை. மூட்டையக்கா உள்ளே மாவு சலித்துக்கொண்டிருந்தாள். தலை ஏற்கெனவே பின்னியிருந்தது. ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தொளதொள. நடுவில் ஒரு புரி தப்பித்து வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அப்படிப் பின்னிய ரொட்டியை மாஸ்டர் அடுப்புப் பக்கமே விடமாட்டார்.

"யாரு பின்னிவிட்டது இது?"

"நானேதான்."

"நீயா? எப்படி?"

அவள் சல்லடையைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் மெதுவாகத் தூக்கி, கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய், பின்னலைத் தொட்டுக் காட்டினாள். முகத்தில் வலி இல்லை. புதுச் சட்டையைக் காட்டுகிற சின்னப் பிள்ளையின் வெட்கம்தான் இருந்தது.

மாஸ்டர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால், தோள் தளர்ந்துவிட்டது, இரண்டு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்த பலம் எங்கேயோ ஒழுகிப் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார். அதற்கடியில் இன்னொரு நினைப்பும் இருந்தது. கையில் இருந்த சீப்பை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் பலத்தைப் பற்றியே பேசினார்.

குட்டு அப்போதுதான் வெளிப்பட்டது. மதியம் ரொட்டியெல்லாம் கடைக்குப் போனபிறகு மாஸ்டர் ஒரு தூக்கம் போடுவார். அந்த நேரத்தில், தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மூட்டையக்கா போனது வெறுமனே பார்க்க அல்ல. தங்கையோடு சேர்ந்து, மருந்துக்கடை மாடியில் நடக்கிற யோகா வகுப்புக்கு. தங்கை வங்கியில் நாள் முழுக்கக் கவுன்டரில் உட்கார்ந்து கழுத்து வலி கண்டவள். மதிய இடைவேளையில் அங்கே போய் வருகிறவள். அக்காவின் தோளைப் பார்க்கச் சகிக்காமல் அவள்தான் இழுத்துப்போயிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று மாஸ்டர் கேட்டதற்கு, சொன்னால் விட்டிருப்பீர்களா என்று மூட்டையக்கா திருப்பிக் கேட்டாள். மாஸ்டர் அடுப்படிக்குப் போய்க் கதவைப் படாரென்று சாத்தினார். அன்று சுட்ட முதல் ஈடு ரொட்டி அடியில் கருகிற்று.

சாயங்காலம் கொட்டகையில் மாஸ்டரின் பக்கம் ஜெயித்தது. மூட்டையக்கா கம்பிக்கு முன்னால் குந்தினாள். பாதம் முழுக்கத் தரையில் பதிந்து, முன்னைவிட ஆழமாக உட்கார்ந்தாள் என்பதை மாஸ்டர் கவனித்தார், கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார். அவள் மூச்சை இழுத்தாள். இழுப்பு நன்றாகத்தான் கிளம்பியது. கம்பி மார்பு உயரத்துக்கு வந்தபோது, மாடி வகுப்பின் பழக்கத்தில், வாயைத் திறந்து நீளமாக மூச்சை விட்டாள். காற்றுப் போன டியூப் மாதிரி உடம்பு தொய்ந்தது. கம்பி முன்னால் விழுந்து பலகை அதிர்ந்தது. நல்லவேளை, அவள் பின்னால் துள்ளித் தப்பித்தாள்.

வெல்டர் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்து வந்தார்.

"நான் சொல்லல? வளைஞ்சுது, ஒழுகிடுச்சு. முடிஞ்சு போச்சு மாஸ்டர்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். ஆனால் தலையை ஆட்டியபோது அவருக்குச் சந்தோஷமாக இல்லை. மூட்டையக்கா யாரையும் பார்க்காமல் தட்டுகளைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அடுக்கிய விதத்தில் ஒரு தட்டுகூடச் சத்தம் போடவில்லை. கோபத்தில் இருந்தால்தான் அவள் அவ்வளவு நிதானமாக இருப்பாள்.

மறுநாள் காலை மாஸ்டர் மாவு பிசைகிற மெஷினை நிறுத்தி, மாவை வழித்துப் பலகையில் கொட்டியபோது, அவள் எதிரே வந்து நின்றாள். கோபம் வந்தால் அவள் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள்.

"மாஸ்டர், இதை இப்பவே புரி புரியா நீட்டிப் பின்னுங்க பாப்போம்."

"விளையாடறியா? இப்பதான் அடிச்சு எடுத்திருக்கேன். இறுகிக் கிடக்கு. நீட்டினா சுருட்டிக்கும். வம்பா இழுத்தா அறுந்து போகும்."

"அப்ப என்ன செய்வீங்க?"

"என்ன செய்வாங்க? ஈரத்துணியைப் போட்டு மூடிக் கொஞ்ச நேரம் சும்மா விடணும். அப்புறம் தானா நீளும்."

"நீளுதுன்னா அது பலம் போன மாவா?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். அவருக்கு மாவைப் பற்றிப் பொய் சொல்லி வாழ்நாளில் பழக்கமில்லை.

"இல்லதான்," என்றார்.

"ரெண்டு வருஷமா என்னைய மெஷின்லயே போட்டு அடிச்சுக்கிட்டு இருக்கீங்க. ஒரு நாளாவது துணி போட்டு மூடினீங்களா?"

சொல்லிவிட்டு அவள் சல்லடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாஸ்டர் ஈரத்துணியைப் பிழிந்து மாவின்மேல் போர்த்தினார், ஓரங்களைச் செருகினார். அன்று மதியம் அவருக்குத் தூக்கம் வரவில்லை. அந்த டீச்சரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு, மனைவிக்கும் மச்சினிக்கும் பின்னால் மருந்துக்கடை மாடிப்படி ஏறினார்.

மாடியில் நீளமான ஒரு அறை. ஜன்னல் கம்பிகளில் மழைத்துளி. தரையில் பாய்கள் விரித்திருந்தன. கீழேயிருந்து மருந்து வாசனை ஏறி வந்தது. மாஸ்டர் எதிர்பார்த்தது கண்ணை மூடிக்கொண்டு மெல்லிய குரலில் பேசுகிற யாரையோ. டீச்சரோ பருத்த குரலும் நொண்டுகிற காலுமாக இருந்தாள். ஒரு காலத்தில் தடை தாண்டி ஓடினவளாம். முழங்காலைப் போக்கடித்துக்கொண்டபிறகு, அதைச் சரிசெய்ய வந்த இடத்திலேயே தங்கிவிட்டவளாம். மச்சினி, இவர்தான் எங்கள் மாமா, உங்களோடு சண்டை போட வந்திருக்கிறார் என்று சிரிக்காமல் அறிமுகம் செய்துவைத்தாள்.

மாஸ்டர் நேற்று கம்பி விழுந்த கதையைச் சொன்னார். காலில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். டீச்சர் மூட்டையக்காவின் பக்கம் திரும்பினாள்.

"தூக்கும்போது மூச்சை விடச் சொல்லி நான் எப்ப சொன்னேன்? இவ்வளவு பளுவுக்கு முன்னாடி மூச்சை உள்ள அடக்கி வயித்தை இறுக்கிக்கணும். உங்க மாஸ்டர் சொல்றதுதான் சரி."

தன்னைச் சரி என்று சொல்வாள் என்று மாஸ்டர் நினைக்கவில்லை. அடுத்து என்ன சண்டை போடுவதென்று அவருக்குப் புரியவில்லை.

"அப்ப இந்த மூச்செல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டார். குரலில் பாதி சுருதி இறங்கியிருந்தது.

"தூக்கறதுக்கு நடுவுல இருக்கற நேரத்துக்கு. ஒரு தடவை தவறிச்சுன்னா நெஞ்சு அடிச்சுக்கும். அந்தப் படபடப்போட போனா அடுத்ததும் தப்பும். இது அதை அடக்கறதுக்கு. தோளைத் திறக்கறது, கணுக்காலைத் திறக்கறது வேற கணக்கு. பளு தூக்கற பலத்தை நான் குடுக்க முடியாது, அது உங்க கொட்டகையில இருக்கு. இருக்கற பலம் நேரா மேல போறதுக்கு வழி மட்டும்தான் இங்க."

வந்தது வந்துவிட்டீர்கள், சும்மா படுங்கள் என்று ஒரு பாயைக் காட்டினாள். மாஸ்டர் மறுத்துப் பார்த்தார். மச்சினி பார்த்த பார்வையில் மறுப்பு எடுபடவில்லை. மல்லாந்து படுத்துக் கைகளைத் தலைக்கு மேலே தரையில் வைக்கச் சொன்னார்கள். இடது கை போயிற்று. வலது கை பாதி வழியில் அந்தரத்தில் நின்றது. தரைக்கும் கைக்கும் நடுவில் ஒரு ரொட்டித் தட்டை நிமிர்த்தி வைக்கலாம். பக்கத்துப் பாயில் மூட்டையக்காவின் இரண்டு கைகளும் தரையில் ஒட்டிக் கிடந்தன. மாஸ்டர் திரும்பி அதைப் பார்த்தார். டீச்சர் அவர் கைக்குக் கீழே ஒரு தலையணையை மடித்து வைத்தாள். கடைசியில் எல்லோரும் கைகாலைப் பரப்பிப் பிணம் மாதிரி கிடக்க வேண்டும், அதற்குச் சவாசனம் என்று பெயர் என்றார்கள். உயிரோடு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்த மாஸ்டர், முணுமுணுத்த வாய் மூடுவதற்குள் தூங்கிப்போனார். அவருடைய குறட்டையில் வகுப்பு சிரித்தது. மூட்டையக்கா மட்டும் சிரிக்கவில்லை, அவரை எழுப்ப வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு சண்டை தானாகவே ஓய்ந்தது. மாஸ்டர் சம்மதம் என்று வாய் திறந்து சொல்லவில்லை. மதியம் வந்தால் பாயைச் சுருட்டி வாசலில் வைத்தார், அவ்வளவுதான். மூட்டையக்கா பேக்கரியிலேயே அடுப்புத் துணியை வைத்துக்கொண்டு பழகினாள். ஒரு கையை மேலிருந்தும் ஒரு கையைக் கீழிருந்தும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், நடுவில் துணியைப் பிடித்துக்கொள்வாள். முதலில் துணி நீளமாகத் தெரிந்தது. பிறகு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் துணி கீழே விழுந்து, விரல்கள் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டன. மாவு லாரிக்காரர் பார்த்துவிட்டு, அக்காவுக்கு முதுகு அரிக்கிறதா என்று கேட்டார். இரவில் வலியால் புரண்டு புரண்டு படுக்கிறவள் இப்போது ஒரே பக்கமாகத் தூங்கினாள். கொட்டகையில் வெல்டர் மட்டும், தலையில் அடித்துக்கொண்டு, நான் பார்க்காத பக்கமாகப் போய்ச் செய்யுங்கள் என்று ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். கொடுத்த பிறகு அந்த மூலையைக் கூட்டிப் பெருக்கியும் வைத்தார்.

மாஸ்டருக்குப் பயம் முழுதாகப் போகவில்லை. ஒவ்வொரு தடவை கம்பி மேலே போகும்போதும், இன்றைக்கு ஒழுகிவிடுமோ என்று ஒரு நொடி நினைப்பார். தன் இளவயது முழுக்க நம்பிய ஒன்று தப்பு என்றால், தன் தோள் போனதும் வீணாகத்தானே போயிற்று என்ற வருத்தமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தலைவாருவதைக்கூட அவள் தானே பார்த்துக்கொண்டாள். பின்னல் நாளுக்கு நாள் கொஞ்சம் நேராகிக்கொண்டு வந்தது. டின்னை யாரோ எடுத்துக் கிடங்குக்குள் போட்டுவிட்டார்கள்.

போட்டி நாளும் மழையோடுதான் விடிந்தது. மண்டபத்தின் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் ஒலிபெருக்கி சொல்வது பாதி காதில் விழவில்லை. பின்னறையில் கம்பிகள் விழுந்து எழுந்துகொண்டிருந்தன. எங்கும், கை வழுக்காமல் இருக்கப் பூசுகிற சுண்ணாம்புத் தூள். தைல வாடை. மச்சினி வங்கியில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, மாமா கையில் ஒரு பன் பையைக் கொடுத்துவிட்டுப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மூட்டையக்காவின் எடைப் பிரிவில் மிச்சப் பெண்கள் எல்லோரும் குறைவான பளுவில் முடித்துவிட்டார்கள். கடைசியாக அவள் மட்டும் பாக்கி. அதாவது, தவறினால் ஓய்வெடுக்க நடுவில் வேறு ஆளில்லை. இரண்டே நிமிஷத்தில் திரும்ப வர வேண்டும்.

முதல் முறை. கம்பி மேலே போயிற்று. ஆனால் போன வருஷத்துப் பயம் உடம்பில் மிச்சம் இருந்தது போலும், முழங்கையை முழுதாக நம்பாமல் கொஞ்சம் மடக்கிப் பிடித்து, பிறகு நிமிர்த்தினாள். சிவப்பு விளக்கு. மாஸ்டருக்குப் பழைய மண்டபம், பழைய பேருந்து, ஜன்னல் பக்கம் திரும்பிய முகம் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தன.

இரண்டாவது முறை. இந்தத் தடவை முழங்கை பூட்டியது. பூட்டிய வேகத்தில், புதிதாகத் திறந்த தோள் அளவு தெரியாமல் இன்னும் பின்னால் போயிற்று. கம்பி அவள் முதுகுப் பக்கம் விழுந்து உருண்டது. மண்டபம் உச்சுக்கொட்டியது.

அவள் பின்னறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மார்பு ஏறி இறங்கிற்று. கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது. இந்த நேரத்தில் மாஸ்டர் செய்கிற வேலை ஒன்று உண்டு. முதுகில் ஓங்கி ரெண்டு அறை, காதுக்குள் ஒரு கத்தல். கொட்டகையில் எல்லோருக்கும் அப்படித்தான் சூடு ஏற்றுவார்கள், அவருக்கும் அப்படித்தான் ஏற்றினார்கள். மாஸ்டரின் கை எழுந்துவிட்டது.

"வேண்டாங்க," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "அடிக்காதீங்க. பக்கத்துல சும்மா உக்காருங்க."

மாஸ்டர் கையை இறக்கினார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சும்மா இருப்பதுபோல் கஷ்டமான காரியம் அவர் வாழ்க்கையில் அதுவரை செய்ததில்லை. சொல்ல ஆயிரம் இருந்தது. முழங்கை, கணுக்கால், தேர்வுக்குழு, சின்னப் பெண். எல்லாவற்றையும் மென்று விழுங்கினார். அவள் மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விட்டாள். மறுபடி இழுத்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் அவளோடு சேர்ந்து இழுத்து விட்டார். கூரையில் மழைச் சத்தம் இருப்பது அவருக்கு அப்போதுதான் கேட்டது. கழுத்து நரம்பு அடங்குவதை ஓரக்கண்ணால் பார்த்தார். ஈரத்துணிக்குக் கீழே மாவு அமர்கிற நேரம் அவருக்குத் தெரியும். அதை அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

அவளே கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்த்து, "போலாம்," என்றாள்.

கம்பியின் முன்னால் குந்தினாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, உள்ளே பூட்டிக்கொண்டாள். கம்பி தரையை விட்டது, முழங்காலைத் தாண்டியது, அவள் அதற்குக் கீழே சரிந்து உட்கார்ந்தாள். ஆழமாக, பாதம் முழுக்கப் பதிய. இரண்டு கைகளும் தலைக்கு மேலே, காதுக்குச் சற்றுப் பின்னால், சுவரில் அடித்த ஆணி மாதிரி நேராக நின்றன. பிறகு எழுந்தாள். கம்பி கொஞ்சம் தள்ளாடியது, அவள் தோள் அதோடு ஒரு விரற்கடை போய்விட்டுத் திரும்பி வந்தது. பழைய தோளாக இருந்தால் அந்த இடத்தில் கம்பி விழுந்திருக்கும். வளைந்து கொடுத்ததால்தான் நின்றது என்பதை மாஸ்டர் தன் கண்ணால் பார்த்தார். நடுவர் கையை இறக்கினார். வெள்ளை விளக்குகள் எரிந்தன.

மாஸ்டர் பன் பையை நசுக்கிவிட்டிருந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது, சுண்ணாம்புத் தூள் என்று மச்சினியிடம் சொன்னார். மாமா, நானும் அதே தூளில்தான் இருக்கிறேன் என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அடுத்த வகையில் மூட்டையக்காவுக்கு எப்போதுமே பயமில்லை. அதில் ஒருத்தி மட்டும் முந்திக்கொண்டதால், அன்று முடிந்தபோது அவள் இரண்டாவதாக வந்திருந்தாள், அணியில் அவள் இடம் அவளிடமே இருந்தது. அந்தச் சின்னப் பெண் வந்து, தோளுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். மூட்டையக்கா மருந்துக்கடை மாடியைச் சொன்னாள். போட்டி பார்க்க வந்து பின்னறையில் நின்ற வெல்டர் இதைக் கேட்டும் கேட்காத மாதிரி கூரையைப் பார்த்தார். கிளம்பும்போது மாஸ்டரிடம், அந்த மாடியில் இடுப்பு வலிக்கும் ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. மாஸ்டர் அடுப்பைப் பற்றவைத்து, மாவின்மேல் துணியைப் போர்த்திவிட்டு, பழக்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்தபிறகு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது நினைவுக்கு வந்தது. யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, வலது கையைச் சுவரில் வைத்து, டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரி விரல்களால் மேலே மேலே ஏறினார். காதைத் தாண்டி ஒரு செங்கல் உயரம் போயிற்று. அதற்கு மேல் வலித்தது, நிறுத்திக்கொண்டார்.

பின்னால் டின் தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. மூட்டையக்கா அதைக் கிடங்கு வாசலில் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். முடி அவிழ்ந்து முதுகில் கிடந்தது. தோளுக்கு மேலாகச் சீப்பை நீட்டினாள். கை வெகு சுலபமாகப் பின்னால் வந்தது.

"தோள் வலிக்குதா?" என்று பதறினார் மாஸ்டர்.

"இல்ல."

"கை போகலையா?"

"எல்லாம் போகுது."

"அப்புறம்?"

"பின்னுங்க," என்றாள். "நான் பின்னினா கோணலா வருது."

மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சீப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு, முடியை மூன்று புரியாகப் பிரித்தார். அன்றைக்கு அவர் அதை மிகவும் மெதுவாகப் பின்னினார். உள்ளே பலகையில், துணிக்குக் கீழே மாவு அமர்ந்துகொண்டிருந்தது.